மாநாட்டில் நேர்காணலா, வேண்டாமா? அமெரிக்காவில் மருந்தியல் பயிலும் பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

சுங்கை சிப்புட்டில் திங்கட்கிழமை நண்பகல் 12 மணி என்றால் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஞாயிறு இரவு 8 மணி. டிசம்பர் மாதத்தில் அந்த நேரத்தில் வரும் தொலைபேசி அழைப்பில் சில பெற்றோர் ஒரு புதிய கேள்வியைக் கேட்கிறார்கள். “அம்மா, மாநாட்டுக்குப் போக வேண்டும். தங்கும் இடம், விமானம், பதிவு எல்லாம் சேர்ந்தால் பெரிய தொகை. அங்கே நேர்காணலுக்கும் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டட்டுமா?” என்று பிள்ளை கேட்கும்.

நேர்காணல் என்றாலே வேலைக்கான வாசல் என்று நினைப்பது நம் வழக்கம். “கடன் வாங்கியாவது போய் வா” என்று சொல்லத் தோன்றும். ஆனால் அமெரிக்க மருந்தாளர் பயிற்சி இடங்களுக்கான ஏற்பாடு வேறு விதமானது. அந்த நேர்காணல் யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், பதற்றமும் குறையும்.

ரெசிடென்சி என்பது என்ன?

மலேசியாவில் மருந்தியல் பட்டம் பெற்றவர் தற்காலிகப் பதிவுடன் ஓராண்டு பயிற்சி செய்த பிறகே முழுப் பதிவு பெற முடியும். சிங்கப்பூரிலும் பதிவுக்கு முந்திய பயிற்சி கட்டாயம். அதனால் அமெரிக்க ரெசிடென்சியையும் அதே போன்ற கட்டாயப் பயிற்சி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது சரியன்று.

அமெரிக்காவில் மருந்தாளர் ஆவதற்கான பட்டம் ஃபார்ம் டி. இது நான்கு ஆண்டு தொழிற்படிப்பு. அதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டு கல்லூரிப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். பயிற்சி நேரம் பெரும்பாலும் படிப்புக்குள்ளேயே அடங்கிவிடும். பட்டம் பெற்று, நேப்லெக்ஸ் தேர்விலும் மாநிலம் கேட்கும் சட்டத் தேர்விலும் தேர்ச்சி பெற்றவர் உரிமம் பெற்று வேலையில் சேரலாம். மருந்துக்கடையில் பணியாற்ற ரெசிடென்சி தேவையில்லை.

மருத்துவமனையில் மருத்துவர்களுடன் நோயாளியின் படுக்கையருகே நின்று மருந்து முடிவுகளில் பங்கெடுக்க விரும்புவோருக்கே ரெசிடென்சி முக்கியமாகிறது. முதலாண்டுப் பயிற்சியை பிஜிஒய்1 என்பார்கள். இது பொதுவான மருத்துவமனைப் பயிற்சி. அதை முடித்தவர் புற்றுநோய், தீவிர சிகிச்சை, குழந்தை மருத்துவம், தொற்றுநோய் போன்ற ஒரு துறையில் சிறப்புத் தேர்ச்சி பெற பிஜிஒய்2 என்ற இரண்டாம் ஆண்டைத் தொடரலாம். இரண்டும் பொதுவாகத் தலா 12 மாதங்கள். ஜூலையை ஒட்டித் தொடங்கும்.

இதில் ஒரு விலையும் உண்டு. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப்படி 2023 மே மாதத்தில் மருந்தாளரின் நடு ஊதியம் ஆண்டுக்கு 136,030 டாலர். ரெசிடென்சியில் இருப்பவர் பெறுவது பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு. படிப்புக் கடன் தலைமேல் இருக்கும்போது, குறைந்த சம்பளத்தில் ஓராண்டோ ஈராண்டோ உழைக்க முன்வருவதே பெரிய முடிவு. மாநாட்டுச் செலவு அதற்கும் முன்னால் வந்து நிற்கிறது.

டிசம்பர் மாநாடு

அமெரிக்க மருத்துவமனை மற்றும் சுகாதார அமைப்புகளின் மருந்தாளர் சங்கம் 1942இல் தோன்றியது. ஏஎஸ்ஹெச்பி என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. அது ஆண்டுதோறும் டிசம்பரில் ‘மிட்இயர்’ என்ற மாநாட்டை நடத்துகிறது. நகரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2022இல் லாஸ் வேகாஸ், 2023இல் அனஹைம், 2024இல் நியூ ஆர்லியன்ஸ். பெருந்தொற்றுக் காலத்தில் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளும் இணையவழியே நடந்தது. மற்ற ஆண்டுகளில் மருந்தாளர்களும் மாணவர்களும் ஆயிரக்கணக்கில் திரளும் இடம் அது.

இறுதியாண்டு மாணவரைப் பொறுத்தவரை இந்த மாநாட்டில் இரண்டு கூடங்கள் முக்கியமானவை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் தேவையற்ற கவலை எழுகிறது.

முதலாவது, ரெசிடென்சி கண்காட்சி. நாடெங்கிலுமிருந்து வரும் மருத்துவமனைகள் சாவடிகள் அமைத்திருக்கும். பயிற்சி இயக்குநரும் இப்போது பயிற்சியில் இருப்பவர்களும் அங்கே நிற்பார்கள். மாணவர்கள் வரிசையில் நின்று சில நிமிடங்கள் பேசுவார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் குறிப்பிட்ட அமர்வு உண்டு. அந்த அமர்வைத் தவறவிட்டால் அந்தச் சாவடி மறுபடி இருக்காது. மாநாட்டுப் பதிவு இருந்தால் போதும், இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இரண்டாவது, ஆட்சேர்ப்பு நேர்காணல் கூடம். பிபிஎஸ் என்ற பெயரால் இதை அறிவார்கள். இதற்கு மாநாட்டுப் பதிவோடு தனிக் கட்டணமும் உண்டு. வேலை தருவோரும் கட்டணம் செலுத்தித் தங்கள் இடங்களைப் பட்டியலிடுவார்கள். மாநாட்டுக்கு முன்பே இரு தரப்பும் செய்தி பரிமாறி நேரம் குறித்துக்கொள்ளும். பெரிய கூடத்தில் மேசை மேசையாக, பொதுவாக அரை மணி நேர நேர்காணல்கள் நடக்கும். பிள்ளை “கட்டட்டுமா?” என்று கேட்பது இந்தக் கட்டணத்தைப் பற்றித்தான்.

அங்கே இடம் கொடுத்துவிட முடியாது

பெற்றோர் முதலில் அறிய வேண்டியது ஒன்று. முதலாண்டு ரெசிடென்சி இடத்தை மாநாட்டு நேர்காணலில் யாரும் கையில் எடுத்துக் கொடுத்துவிட முடியாது.

காரணம், ‘மேட்ச்’ எனப்படும் பொருத்த முறை. மாணவர்கள் ஃபார்காஸ் என்ற பொது இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்கிறார்கள். மருத்துவமனைகள் அவற்றைப் பரிசீலித்துச் சிலரை முழு நேர்காணலுக்கு அழைக்கின்றன. எல்லாம் முடிந்த பின் மாணவர் தமக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் கொடுப்பார். மருத்துவமனையும் தனக்குப் பிடித்த மாணவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும். கணினி இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு இடத்தை முடிவு செய்யும். முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். “எங்களை எத்தனையாவது இடத்தில் வைப்பாய்?” என்று மாணவரிடம் கேட்பதும் விதிமீறல். மாணவர் மருத்துவமனையிடம் அப்படிக் கேட்பதும் விதிமீறலே.

இவ்வகைப் பொருத்த முறைகளின் கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும்தான் லாயிட் ஷாப்லி, ஆல்வின் ராத் ஆகிய இருவருக்கும் 2012இல் பொருளியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மாணவர் தம் மனத்தில் உள்ள உண்மையான வரிசையை அப்படியே எழுதுவதே அவருக்கு நல்லது என்பதுதான் அந்த முறையின் சிறப்பு. ‘கிடைக்கக்கூடியதை’ முதலில் போட்டுச் சூதாட வேண்டியதில்லை.

ஆகவே பிஜிஒய்1 தேடும் மாணவர் மாநாட்டில் அரை மணி நேரம் நன்றாகப் பேசினாலும், அதன் பிறகு விண்ணப்பம் அனுப்பத்தான் வேண்டும். முழு நேர்காணலுக்கும் அழைக்கப்பட வேண்டும். மாநாட்டில் கிடைப்பது முகப்பழக்கம் மட்டுமே. அது பயனற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே தடுமாறினால் அதுவும் நினைவில் நிற்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கால அட்டவணை

நவம்பர் தொடக்கம்: விண்ணப்பத் தளம் திறக்கும்.
டிசம்பர் முற்பகுதி: மாநாடு.
டிசம்பர் இறுதி முதல் ஜனவரி தொடக்கம் வரை: பெரும்பாலான மருத்துவமனைகளின் விண்ணப்ப இறுதி நாள்.
ஜனவரி, பிப்ரவரி: முழு நேர்காணல்கள், நேரிலோ இணையவழியோ.
மார்ச் தொடக்கம்: விருப்பப் பட்டியல் சமர்ப்பிப்பு.
மார்ச் நடுப்பகுதி: முதல் சுற்று முடிவு.
ஏப்ரல்: இரண்டாம் சுற்று முடிவு.

மாநாடு முடிந்து சில வாரங்களில் விண்ணப்பக் கடிதம், தன்விவரக் குறிப்பு, மூன்று பரிந்துரைகள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மாநாட்டு நாள்களை நேர்காணல்களால் நிரப்பிக்கொண்டு கடிதங்களை அவசரமாக எழுதி அனுப்பும் மாணவர், முக்கியமானதை விட்டுவிட்டு முக்கியமல்லாததைப் பிடித்துக்கொண்டவர் ஆவார்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

முதலாண்டு ரெசிடென்சி மட்டுமே தேடுபவர்: இவர்களில் பெரும்பாலோருக்குக் கண்காட்சியே போதும். கட்டண நேர்காணல் கூடத்தில் பிஜிஒய்1 இடங்களை வைக்கும் மருத்துவமனைகள் குறைவு. தாம் விரும்பும் மருத்துவமனை அங்கே நேர்காணல் நடத்துகிறதா என்று பட்டியலைப் பார்த்து, நடத்தினால் மட்டும் யோசிக்கலாம். இல்லையென்றால் அந்த நேரத்தைக் கண்காட்சிக்கு ஒதுக்குவது மேல். நேர்காணல் நேரமும் கண்காட்சி அமர்வும் மோதிக்கொள்வது உண்டு.

இரண்டாம் ஆண்டு தேடுபவர்: இப்போது பிஜிஒய்1 செய்துகொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கூடம் கூடுதல் பயன் தரும். சிறப்புத் துறை இடங்கள் எண்ணிக்கையில் குறைவு, விண்ணப்பதாரரும் குறைவு. பயிற்சி இயக்குநருடன் அரை மணி நேரம் அமர்ந்து பேசினால் ஒருவரையொருவர் எடைபோட முடியும். ஆனால் ஒன்றை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில மருத்துவமனைகள் தங்களிடம் ஏற்கெனவே முதலாண்டில் இருப்பவருக்கே இரண்டாம் ஆண்டு இடத்தை முன்னதாக ஒதுக்கிவிடலாம். விதியும் அதை அனுமதிக்கிறது. அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று தெரியாமல் பயணச்சீட்டு வாங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது போல.

மருந்து நிறுவன ஃபெலோஷிப் தேடுபவர்: மருந்து உற்பத்தி நிறுவனங்களில் ஓராண்டு அல்லது ஈராண்டு பயிற்சி பெறும் இந்த இடங்கள் பொதுவாக மேட்ச் முறைக்கு வெளியே நிரப்பப்படுகின்றன. ஆகவே நேர்காணல் நேரடியாக வேலை வாய்ப்பில் முடியலாம். பல ஆண்டுகளாக மிட்இயர் மாநாடு இவர்களுக்கு மிக முக்கியமான களமாக இருந்து வந்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு பல நேர்காணல்கள் இணையவழிக்கும், மாநாட்டுக்கு முந்திய வாரங்களுக்கும் நகர்ந்துள்ளன. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்த பிறகே கட்டணம் செலுத்த வேண்டும்.

வேலை தேடும் மருந்தாளர்: உரிமம் பெற்று மருத்துவமனை வேலைக்கு மாற நினைப்பவருக்கு ஒரே இடத்தில் பல முதலாளிகளைச் சந்திக்கும் வாய்ப்பு. இவருக்கும் பயன் உண்டு.

விசா: சாவடியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

அமெரிக்க மாணவர்களுக்கு இல்லாத ஒரு கவலை மலேசிய, சிங்கப்பூர் மாணவர்களுக்கு உண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் பட்டம் பெறுபவர், படிப்புக்குப் பிந்திய செய்முறைப் பயிற்சிக்காக 12 மாதங்கள் வேலை செய்ய அனுமதி பெறலாம். ஜூலையில் தொடங்கும் முதலாண்டு ரெசிடென்சிக்கு அது சரியாகப் பொருந்தும். இரண்டாம் ஆண்டுக்கு வேறு அனுமதி தேவைப்படும். அப்போது மருத்துவமனை எச்-1பி விசாவுக்கு ஆதரவளிக்குமா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பல்கலைக்கழகம் சார்ந்த, இலாப நோக்கற்ற மருத்துவமனைகளுக்கு அந்த விசாவின் ஆண்டு எண்ணிக்கை வரம்பு பொருந்தாது. ஆனாலும் எல்லா மருத்துவமனைகளும் ஆதரவளிக்க முன்வருவதில்லை.

இங்கே சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஒரு சலுகை உண்டு. தடையற்ற வணிக உடன்பாட்டின்படி எச்-1பி1 என்ற தனி விசாப் பிரிவில் அவர்களுக்கு ஆண்டுக்கு 5,400 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மலேசியருக்கு அது இல்லை. ஒரே வகுப்பில் படித்த ஜோகூர் பாரு மாணவரும் உட்லண்ட்ஸ் மாணவரும் இந்த ஒரு விஷயத்தில் வெவ்வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும்.

முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகள் அமெரிக்காவில் நிறைய ரெசிடென்சி இடங்களை வழங்குகின்றன. ஆனால் அவை அமெரிக்கக் குடிமக்களுக்கு உரியவை. அந்தச் சாவடியின் நீண்ட வரிசையில் வெளிநாட்டு மாணவர் நின்று நேரம் போக்க வேண்டியதில்லை.

உள்ளூரில் பட்டம் பெற்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டதாரிகள் அமெரிக்காவில் உரிமம் பெற எஃப்பிஜிஇசி என்ற தகுதிச் சான்றிதழ் வேண்டும். 2003 ஜனவரி 1க்குப் பிறகு பட்டம் பெற்றவர் எனில், அவருடைய மருந்தியல் படிப்பு குறைந்தது ஐந்தாண்டுத் திட்டமாக இருக்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மருந்தியல் இளங்கலைப் படிப்பு வழக்கமாக நான்கு ஆண்டு. எனவே “இங்கே படித்துவிட்டு நேரே அங்கே ரெசிடென்சிக்குப் போகலாம்” என்று யாராவது ஆசை காட்டினால், பணம் கட்டுவதற்கு முன் இந்த விதியைச் சரிபார்க்க வேண்டும்.

செலவைக் கணக்கிடும்போது

விமானம், தங்குமிடம், மாநாட்டுப் பதிவு, உணவு, கோட்டு சூட்டு, நேர்காணல் கட்டணம் என்று பட்டியல் நீளும். அதோடு முடியாது. விண்ணப்பத் தளத்துக்கும் மேட்ச் பதிவுக்கும் தனித்தனிக் கட்டணம். நான்குக்கு மேல் விண்ணப்பிக்க விண்ணப்பிக்கத் தொகையும் ஏறும். ஜனவரியில் நேரில் வரச் சொல்லும் மருத்துவமனைக்குப் போகவும் பணம் வேண்டும். டிசம்பரிலேயே கையிருப்பைக் கரைத்துவிட்டு, உண்மையில் இடத்தைத் தீர்மானிக்கும் ஜனவரி நேர்காணலுக்குக் கையைப் பிசைவது பெரிய தவறு. ரிங்கிட்டில் சம்பாதித்து டாலரில் அனுப்பும் குடும்பம் இந்த வரிசையை மனத்தில் கொள்ள வேண்டும்.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. நண்பர்கள் சேர்ந்து ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஆய்வுச் சுவரொட்டி வைக்கும் மாணவருக்குச் சில கல்லூரிகள் பயண உதவி தருகின்றன. இறுதியாண்டு மருத்துவமனைப் பயிற்சியிலிருந்து விடுப்பும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

போவது என்று முடிவானால்

சாவடிகளை மனம்போன போக்கில் சுற்றக் கூடாது. எட்டு, பத்து மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் பக்கங்களை முன்பே படித்துவிட்டுப் போக வேண்டும். தளத்திலேயே உள்ள விவரத்தைச் சாவடியில் கேட்பது நல்ல எண்ணத்தைத் தராது. இயக்குநரைச் சுற்றி நெரிசல் இருந்தால், அருகில் நிற்கும் இப்போதைய பயிற்சியாளரிடம் பேசலாம். வார இறுதிப் பணி எத்தனை, பயிற்சி முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், தவறு செய்தபோது மூத்தவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதையெல்லாம் அவர்களே மனம் திறந்து சொல்வார்கள்.

கட்டண நேர்காணலுக்குப் பதிவு செய்தவர் ஒரு நாளில் நான்கைந்துக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. “எங்கள் மருத்துவமனையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?”, “ஒரு மருத்துவர் உங்கள் ஆலோசனையை ஏற்க மறுத்தபோது என்ன செய்தீர்கள்?” போன்ற கேள்விகள் வரும். நம் வீடுகளில் தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசாதே என்று சொல்லி வளர்ப்பார்கள். அங்கே செய்த வேலையைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் செய்யாதவராகவே கருதப்படுவார். நடந்ததை நடந்தபடி, எண்ணிக்கையோடு, சுருக்கமாகச் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

சந்தித்த ஒவ்வொருவரின் பெயரையும் பேசிய விஷயத்தையும் அன்றிரவே எழுதி வைக்க வேண்டும். விண்ணப்பக் கடிதத்தில் அந்த ஒரு வரி பயன்படும். மாநாட்டுச் செலவு திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

போகாதவருக்கு வழி அடைபட்டதா?

இல்லை. மாநாட்டுக்கே போகாமல் இடம் பெற்றவர்கள் ஆண்டுதோறும் உண்டு. பல மருத்துவமனைகள் இலையுதிர் காலத்திலேயே இணையவழி அறிமுகக் கூட்டங்கள் நடத்துகின்றன. மாநில மருந்தாளர் சங்கங்களும் சிறிய கண்காட்சிகளை நடத்துவதுண்டு. பயிற்சி இயக்குநருக்கு மரியாதையுடன் மின்னஞ்சல் அனுப்பி ஐயம் கேட்கலாம். தேர்வுக் குழு முதலில் பார்ப்பது விண்ணப்பத்தை. மாநாட்டில் கை குலுக்கியவர்களின் பட்டியலை அல்ல.

2010களின் நடுப்பகுதியில் முதலாண்டு இடத்துக்குப் போட்டியிட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முதல் சுற்றில் இடம் கிடைக்காமல் போனது. 2016இலிருந்து இரண்டாம் சுற்று முறையாக நடத்தப்படுகிறது. முதல் சுற்றில் நிரம்பாத இடங்களுக்கு அதில் மீண்டும் விண்ணப்பிக்கலாம். மார்ச் மாதத்தில் பிள்ளை அழைத்து “கிடைக்கவில்லை” என்று சொன்னால், கதை முடிந்துவிட்டதாக வீட்டார் நினைக்க வேண்டாம்.

டிசம்பர் அழைப்புக்குத் திரும்புவோம். “கட்டட்டுமா?” என்று கேட்கும் பிள்ளையிடம் பெற்றோர் திருப்பிக் கேட்க வேண்டியவை மூன்று. “நீ தேடுவது முதலாண்டா, இரண்டாம் ஆண்டா, ஃபெலோஷிப்பா? நீ விரும்பும் மருத்துவமனை அந்தக் கூடத்தில் நேர்காணல் நடத்துகிறதா? ஜனவரிச் செலவுக்குப் பணம் இருக்கிறதா?” இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால், கட்டுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும்.